ஆம் விடாத மச்சாள்

இங்கிலீசில் ‘ஆம்’ இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக வெள்ளைக்காரரோடு கதைத்துக் கதைத்து நானே கண்டுபிடித்த குறை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொல்கிறேன், நம்பாதவர்கள் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘அவர் வந்தார்’ என்பதை இங்கிலீசில் சட்டென்று சொல்லிவிடலாம். ‘அவர் வந்தாராம்’ என்பதைச் சொல்ல நாலு சொல் தேடவேண்டும். தேடி முடிப்பதற்குள் வான் அடுத்த சந்தியைத் தாண்டிவிடும். எங்கள் பக்கத்தில் சம்மதத்துக்கு ஓம் என்போம். அதனால் ‘ஆம்’ எங்களுக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான்: இதை நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று சொல்லின் வாலில் கட்டிவிடுகிற சங்கதி. அந்த வாலை ஒருமுறைகூட அறுக்காத ஒருத்தியை எனக்குத் தெரியும்.

பெயர் எழுதப்போவதில்லை. அவள் எனக்கு மச்சாள், அவ்வளவு போதும். இரத்த உறவு கிடையாது. என் மனைவிக்குப் பனிச்சங்கேணி. அந்த ஊரில் என் வயதுக்குக் கிட்ட நிற்கிற பெண்களெல்லாம் எனக்கு மச்சாள் முறைதான். மச்சாள் என்றால் வாய்க்கு வாய் கொடுக்கலாம், கோபிக்கக் கூடாது. நான் வாய்க்குப் பேர்போனவன். அவளிடம் மட்டும் ஒரு நாளும் வென்றதில்லை.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்ப முன்னரே அந்தக் கரையில் இளநி வெட்டி விற்றவன் நான். ஹோட்டலில் வந்து விழுகிற வெள்ளைக்காரர் மூன்றாம் நாள் கடலைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள் என்பதை முதலில் கண்டவனும் நான்தான். அந்தக் கொட்டாவியில்தான் இன்றைக்கு என் நாலு வானும் ஓடுகின்றன. ஒரு நாள் குடும்பிமலை ஏற்றி, வழியில் வயல்வட்டைக்குள் மயில் காட்டி, சட்டித் தயிர் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவருவேன். இன்னொரு நாள் மட்டக்களப்புக் கோட்டையும் வெளிச்சவீடும். மூன்றாவது, வடக்கே பனிச்சங்கேணியில், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்ணாக்காட்டுக்குள் தோணிப் பயணம், அது முடியக் காட்டோரத்தில் நிற்கிற பழங்கற்கள். கொழும்பில் இருக்கிறவன் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுகிற வழியை நான் காலால் நடந்து போட்டேன்.

அந்த மூன்றாவது பயணத்துக்குத் தோணி தேடிப் போனபோதுதான் அவளைப் பிடித்தேன். வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அத்தாங்கு வலையால் இறால் கோலிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துவாய், வெயிலுக்கு ஒடுக்கி ஒடுக்கி வலது கண் கொஞ்சம் சிறுத்துப் போயிருந்தது.

“மச்சாள், அங்கால கண்ணாக்காட்டுக்குள்ள கொக்கு, நாரை எல்லாம் ஆயிரக்கணக்கில இரிக்காமே?”

“ஆயிரமா? ஆர் எண்ணின? நான் காலமை ஒம்பது கண்டன்.”

“ஒம்பது கொக்குப் பாக்கவா வெள்ளைக்காரன் கடல் தாண்டி வாறான்?”

“அப்ப வரவேணாம் எண்டு சொல்லுங்க.”

அந்த இடத்திலேயே ஆளை எடுத்தேன். ஆள் அளந்து எடுப்பதில் எனக்கு நிகர் நானே. வாய்க்காக எடுக்கவில்லை, கைக்காக எடுத்தேன். சவளை அவள் தண்ணீருக்குள் வைத்து வலித்தால், துடுப்பு விழுந்தது தண்ணீருக்கே தெரியாது. கொக்குக்குப் பக்கத்தில் தோணி போய் நிற்கும், கொக்கு தன் வேலையைப் பார்க்கும்.

தோணியில் என் வேலை மொழிபெயர்ப்பு. இங்கிலீசை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, இளநி விற்ற வாயால் பிடித்தேன். அவள் தமிழில் சொல்ல நான் இங்கிலீசில் சொல்லவேண்டும். முதல் பயணத்திலேயே பிரச்சினை வந்துவிட்டது. பழங்கற்களுக்கு முன்னால் நின்று ஒல்லாந்துக்காரர் ஒருவர் கேட்டார், இவற்றை யார் நட்டது என்று.

மச்சாள் சொன்னாள்: “அந்தக் காலத்து ஆக்கள் நட்டதாம். பிரேதம் வைக்கிறத்துக்காம். நான் காணல்ல.”

நான் அதை எடுத்து, ஒரு ராசாவைப் பிடித்து, அவருக்கு ஏழு மனைவிகளைக் கட்டிக்கொடுத்து, ஏழு பேரையும் ஒரே காய்ச்சலில் சாகவைத்து, ஆளுக்கொரு கல்லாக நட்டு, கடைசி மனைவி சின்னவள் என்றபடியால் அவளுக்குச் சின்னக் கல்லை ஒதுக்கி ஒரு கதை சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. ஒல்லாந்துக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்தாள்.

திரும்பி வரும்போது மச்சாள் கேட்டாள்: “மச்சான், நான் சொன்னது ஒரு சாண். நீங்க சொன்னது ஒரு வண்டில் பாரம். அதுக்குள்ள அவ்வளவு என்ன கிடந்த?”

“இங்கிலீசு அப்பிடித்தான் மச்சாள். இடம் பிடிக்கும்.”

“அந்தப் பொம்பிள அழுதாவே?”

“சந்தோசத்தில.”

“ரெண்டு ஆம் தந்துவிட்டன். ஒண்டாவது போய்ச் சேந்துதா?”

நான் வானின் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

கண்டதா, கேட்டதா? இதுதான் அவளுடைய கேள்வி. யார் என்ன சொன்னாலும், சிறுத்த கண்ணை இன்னும் சிறுக்கி இதைக் கேட்பாள். தனக்கே இதில் விலக்குக் கிடையாது. உங்கள் வயது என்ன என்று ஒரு ஜெர்மன்காரி கேட்டதற்கு மச்சாள் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்: “ஒரு மாரி மழையில பிறந்தனாம். வீட்டுக்குள்ள வெள்ளமாம். அம்மா சொன்னது.” தான் பிறந்ததற்கே ஆம் போட்ட மனிசியை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

முதலைச் சங்கதியைச் சொல்லவேண்டும். ஆற்றில் முதலை இருக்கிறதா என்று ஒரு பிரெஞ்சுக்காரி கேட்டாள். எந்தத் தோணிக்காரனும் அதற்கு ஒரே பதில்தான் சொல்வான். நானும் நோ, நோ என்று தலையை ஆட்டினேன். தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லையே, மச்சாள் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கேட்டாங்க?”

“முதல இரிக்கா எண்டு.”

“இல்லையெண்டா சொன்னீங்க? செவ்வாக்கிழமை அந்த வேருக்குப் பக்கத்தில கண்டனே! இவ்வளவு!”

சவளை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். விரித்த கைகளைக் கைக்கொரு சாண் உள்ளே கொண்டுவந்தாள்.

“இவ்வளவுதான். மிச்சம் வால். வால் தண்ணிக்குள்ள இரிந்த, நான் காணல்ல.”

பயணம் பாழாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன். வெள்ளைக்காரர் கத்தவில்லை. கையைத் தோணிக்குள் எடுத்தார்கள், வேர்களைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார்கள், துறையில் இறங்கி மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கிழமையே ஹோட்டல் முழுக்கக் கதை பரவிவிட்டது, தன் முதலையைத் தானே கட்டையாக்கிய தோணிக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று. அவளுடைய தோணிதான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். என் ஏழு ராணிகளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

பாடும் மீனையும் அவள் விடவில்லை. மட்டக்களப்பு என்றாலே பாடும் மீன் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மச்சாள் சொல்வாள்: “தண்ணிக்குள்ள சவள விட்டு, காம்பில காது வச்சா ஒரு சத்தம் வரும். அது நான் கேட்டது, சத்தியம். மீன் பாடுதாம். ஊரி பாடுதாம் எண்டும் சொல்லுவாங்க. பாடினத்த வெளியால எடுத்துப் பாத்தவங்க ஆரும் இஞ்ச இல்ல.” சத்தத்துக்கு ஆம் இல்லை, மீனுக்கும் ஊரிச் சிப்பிக்கும் ஆம் உண்டு. தங்கம் நிறுக்கிற தட்டானுக்குக்கூட அப்படி ஒரு கை வராது.

ஊருக்குள் அவளை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை ஒருவருடைய வலை களவு போயிற்று. எடுத்தவன் இன்னான்தான் என்று முழு ஊரும் சொல்லிற்று. மச்சாள் முதல் வீட்டுக்குப் போய், கண்டதா கேட்டதா என்றாள். கேட்டது. யாரிடம்? அடுத்த வீடு. அங்கேயும் கேட்டது. இப்படி ஆறு வீடு பின்னுக்குப் போனாள். கதை தொடங்கிய இடத்தில் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு அவள் வருகிற பாதையில் கதையை மடித்து மடிக்குள் வைத்துக்கொள்கிற பெண்கள் இருந்தார்கள். என் வான் ஓட்டுகிற ஓட்டமாவடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்வார்: “முதலாளி, அந்தப் பொம்பிளைக்கு முன்னால வெயில் சுடுது எண்டு கூடச் சொல்லேலா. தொட்டுப் பாத்தீங்களா எண்டு கேக்கும்.”

தன் வீட்டுச் சங்கதிக்கும் அவளிடம் அதே கணக்குத்தான். அவளுடைய புருசன் நெல் சூடடிக்கிற மெசினோடு பொலன்னறுவைப் பக்கம் வேலைக்குப் போனவர், வரவேயில்லை. அங்கே இன்னொரு குடும்பம் என்று ஊருக்கே தெரியும். அவளிடம் யாராவது கேட்டால், முகம் மாறாமல் சொல்வாள்: “வேலைக்குப் போனவர். அங்க ஒரு குடும்பம் இரிக்காம்.” வருடக்கணக்காக அதே வசனம். நான் ஒரு நாள் பெரிய மனிதனாக நின்று சொன்னேன்: “மச்சாள், வான் இரிக்கு. ஏசி போட்டுத் தாறன். காலமை போனாப் பின்னேரம் வரலாம். ஒருக்காக் கண்ணால பாத்திற்று வாவன்.”

அவள் சவளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

“பாத்தா அந்த ஆம் போயிரும், மச்சான். பிள்ளைகளுக்கு அது கிடக்கட்டும்.”

நான் போய் வானைத் துடைத்தேன். வான் சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் மகள் இப்போது தேற்றாத்தீவில் கலியாணம் முடித்து இருக்கிறாள். மச்சாளும் தோள் வலி வந்து தோணியை விட்டபிறகு அங்கேதான் இருக்கிறாள். சுகமாக இருக்கிறாளாம். நான் போய்ப் பார்த்துக் கொஞ்சக் காலம் ஆகிறது, அதனால் எனக்கும் ஆம் போடாமல் எழுத வரவில்லை.

இனி, கச்சான் காற்று அடித்த அந்த நாளுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அப்போது பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலில் என் பலகை தொங்கியது. நீலப் பலகை, மூன்று மொழியில் என் பெயர். அந்த வாசலில் வேறு எவனுடைய பலகையும் கிடையாது. அந்த ஹோட்டலில் இருந்து வெளியே போகிற பயணமெல்லாம் என் வானில்தான். இங்கிலீசில் என் பெயரை எழுதத் தெரியாதவன் நான், ஆனாலும் காலையில் அதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பேன். மற்ற வான்காரர்கள் அதன் கீழே நின்று பல்லைக் கடிப்பார்கள். மனேஜர் கொடுத்த பலகை அது. அவர் நினைத்தால் எடுத்துவிடலாம்.

அன்றைக்குப் பத்துப் பேர். மச்சாளின் தோணியில் ஐந்து, இன்னொரு தோணிக்காரனிடம் ஐந்து. கண்ணாக்காட்டுக்கு நடுவே ஒரு மணல்திட்டு இருக்கிறது. அங்கே இறக்கி அரை மணித்தியாலம் நடக்கவிடுவோம். என் முழங்கால் வலியால் நான் துறையிலேயே நின்றுவிட்டேன். பத்துப் பேரும் மூன்று மணி பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்கள், சுணங்கக் கூடாது என்று மனேஜர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். கச்சான் காற்று மதியத்துக்கு முன்னரே எழும்பிவிட்டது.

மச்சாளின் ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். மற்றத் தோணியில் மூன்று பேர்தான் வந்தார்கள்.

“மற்ற ரெண்டு பேரும் எங்க?” என்று தோணிக்காரனைக் கேட்டேன்.

“அந்த வயசாளிகளா? திட்டுக்கு வேற ஹோட்டல் மோட்டர் போட்டு ஒண்டு வந்ததே, அதில ஏறிப் போயிற்றாங்களாம், முதலாளி. தோணியில இரிக்கக் கால் வலியாம். அவங்கட ஹோட்டலாலேயே கொண்டு போய் விடுவாங்களாம்.”

நான் போனை எடுத்தேன். சேர், ஒன்றும் பிரச்சினை இல்லை, இரண்டு பேர் மோட்டர் போட்டில் போய்விட்டார்கள், ஹோட்டலுக்கு வந்துவிடுவார்கள், மற்ற எட்டுப் பேரும் இதோ வருகிறார்கள் என்று நல்ல இங்கிலீசில் சொன்னேன். மனேஜர் சந்தோசமாக வைத்துவிட்டார்.

மச்சாள் முழங்கால் தண்ணீரில் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மனேஜருக்கு என்ன சொன்னீங்க?”

“மோட்டர் போட்டில போயிற்றாங்க எண்டு.”

“இவன் மூண்டு ஆம் சொன்னான். அந்த ஆம எங்க விட்டீங்க?”

“ஆமையா? எங்க ஆம?” என்று காக்கா வானுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் ‘டேர்ட்டில், டேர்ட்டில்’ என்று வேறு சொல்லிவிட்டார். காமராவோடு இரண்டு பேர் வானால் இறங்கி ஓடிவந்துவிட்டார்கள்.

மச்சாள் சிரிக்கவில்லை. தோணிக்காரனைப் பார்த்தாள். “அவங்க ஏறினத்த நீ கண்டயா?”

“இல்லக்கா. வந்த மூண்டு பேரில அந்தத் தாடிக்காரர் கையால காட்டினார், மிச்சம் நானா விளங்கினது.”

“மச்சான், அவரிட்டக் கேளுங்க. நீட்டாமக் கேளுங்க.”

கேட்டேன். தாடிக்காரர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் நிச்சயமில்லை. “வெள்ளைத் தொப்பி போட்ட வயசாளி ஒராள் மோட்டர் போட்டில போறத்தத் தூரத்தில கண்டாராம். இவராத்தான் இரிக்கும் எண்டு நினைச்சாராம். பொம்பிளயக் காணல்லயாம்” என்று மச்சாளுக்குச் சொன்னேன்.

“அந்த ஐயா காலமை என்ட தோணிக்குப் பக்கத்தாலதான் போனவர். தொப்பி இல்ல. சிவத்தத் துவாய் தலையில போட்டிருந்தார்.”

சொல்லிக்கொண்டே தோணியைக் கிறுக்கித் திட்டுப் பக்கம் திருப்பினாள். நான் தோணியின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினேன். இவள் திரும்பப் போனால், ஆட்களைத் தவறவிட்டோம் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

“மச்சாள், அவங்க ஹோட்டலில போய்க் குளிச்சிற்று இரிப்பாங்க! நீ இந்தக் காத்தில எங்க போற? மனேஜர் அறிஞ்சா என்ட பலகை போயிரும்!”

“அப்ப நீங்க இஞ்ச நிண்டு பலகையப் பாத்துக்கொள்ளுங்க. நான் போய்த் திட்டப் பாத்திற்று வாறன்.”

எட்டுப் பேரையும் கொண்டுபோய் பஸ்ஸுக்கு விடச் சொல்லிக் காக்காவை அனுப்பிவிட்டு நானும் தோணியில் ஏறினேன். காற்று எதிரே அடித்தது. தண்ணீர் தோணிக்குள் தெறித்தது. என் வயதில் எவனும் அப்படி வலித்திருக்கமாட்டான், உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது. முழுப் பாதையும் நான்தான் பேசினேன், அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று.

இருந்தார்கள். காற்று தள்ளிக்கொண்டு வந்த தண்ணீரில் திட்டு பாதியாகிவிட்டிருந்தது. ஓரத்தில் கண்ணா வேர்களுக்கு இடையே அந்தக் கிழவர் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார், ஒரு கால் வேருக்குள். சிவப்புத் துவாய் கழுத்தில். அவருடைய மனைவி பின்னால் நின்று, இரண்டு அக்குளுக்குள்ளும் கைவிட்டு அவரை நிமிர்த்திப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கிறார்கள். கச்சான் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

மச்சாள் குதித்து, தண்ணீருக்குள் கையை விட்டு, வேரைத் தடவி, சப்பாத்தைக் கழற்றிக் காலை எடுத்தாள். தோணியில் ஏற்றிய பிறகு அந்தக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நான் பயப்படவில்லை, எங்களை எண்ணிப் பார்ப்பீர்கள், இரண்டு பேர் குறைவது தெரியவரும் என்று இவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்று.

“என்ன சொல்றா?” என்று மச்சாள் கேட்டாள்.

“எண்ணிப் பாத்து வருவாங்க எண்டு நம்பி இரிந்தாவாம்.”

மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன். திட்டில் ஏற்றும்போது தோணிக்காரன் எண்ணவில்லை, துறையில் நான் எண்ணியும் ஒரு கதையைக் கேட்டு விட்டுவிட்டேன். இன்றைக்கு என் வானில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் நானே தோளைத் தொட்டு எண்ணுவது அந்தக் கிழவியின் கை பட்ட இடத்தில் இருந்து வந்தது.

காலில் எலும்பு வெடிப்பு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பஸ் போய்விட்டது. மறுநாள் காலை மனேஜர் என்னையும் மச்சாளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொழும்பு மனிதர், ‘வாங்க, இருங்க’வோடு அவருடைய தமிழ் முடிந்துவிடும். மேசையில் இங்கிலீசில் அடித்த ஒரு கடதாசி. எனக்கு வாசித்துக் காட்டினார்: திட்டில் இருந்து புறப்படும்போது இரண்டு தோணியிலும் ஆட்கள் எண்ணப்பட்டார்கள். அந்த இரண்டு பேரும் தங்கள் சொந்த விருப்பத்தில் பின்னால் நின்றார்கள். கீழே நானும் தோணிக்காரியும் கையெழுத்து வைத்தால் கொழும்பு மேலிடத்துக்கு அனுப்பி விசயத்தை முடித்துவிடலாம். பலகை இருந்த இடத்தில் இருக்கும். வைக்காவிட்டால், ஆளைத் தவறவிட்டவனின் பலகையை அவரால் வாசலில் வைத்திருக்க முடியாது.

ஒளிக்கமாட்டேன், பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு மச்சாளுக்கு விசயத்தைத் தமிழில் சொன்னேன்.

“இதில எண்ணினாங்களாம் எண்டு இரிக்கா, எண்ணினாங்க எண்டு இரிக்கா?”

“மச்சாள், இங்கிலீசில ஆம் இல்ல.”

“இல்லாட்டி இந்தக் கடுதாசி நமக்குச் சரிவராது.” புறங்கையால் அதைத் தள்ளிவிட்டாள். “திட்டில ஆரும் எண்ணினத்த நான் காணல்ல. அவங்க விருப்பத்தில நிக்கல்ல. வேருக்குள்ள இரிந்த கால நான்தான் எடுத்தன். இவ்வளவும் கண்டது. இவருக்குச் சொல்லுங்க.”

“என்ன சொல்கிறாள்?” என்று மனேஜர் என்னைக் கேட்டார்.

எட்டு வருடமாக அவளுக்கும் வெள்ளைக்காரருக்கும் நடுவில் நின்ற வாய் என்னுடையது. அவளுக்குக் கையெழுத்துப் போட வராது, வெட்கப்படுகிறாள், என் கையெழுத்துப் போதும் என்று சொல்லியிருந்தால் மனேஜர் நம்பியிருப்பார். இங்கிலீசில் அது நாலு சொல். அவளுக்கும் தெரியவந்திராது. மச்சாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அல்ல, எவ்வளவு நீளம் வருகிறது என்று.

அவள் சொன்ன அளவுக்கே சொன்னேன். ஒரு சாண் கூட்டவில்லை. ஒருவரும் எண்ணியதை அவள் காணவில்லை, அவர்கள் விரும்பி நிற்கவில்லை, காலை வேருக்குள் இருந்து எடுத்தது அவள். பிறகு என் சொந்தக் கணக்கில் ஒன்று சேர்த்தேன்: “நேற்றுப் போனில் உங்களுக்கு நான் சொன்னது, நான் கண்டதல்ல சேர். கேட்டது.” பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். கடதாசியை மடித்து வைத்துவிட்டு, பின்னேரம் தோட்டக்காரனிடம் சொல்லிப் பலகையைக் கழற்றி அனுப்புவதாகச் சொன்னார்.

“அதில் இருப்பது என் பெயர் சேர். நானே கழற்றுவேன்” என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

தோட்டக்காரனிடம் ஏணியை வாங்கி வாசலில் சாத்தினேன். மற்ற வான்காரர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். சிலர் போனை வேறு தூக்கிப் பிடித்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மச்சாள் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். உப்புக் காற்றில் திருகாணி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

“எல்லாரும் பாக்கிறானுகள், மச்சாள்.”

“பாக்கட்டும். நாளைக்குக் கண்டது எண்டு சொல்லுவாங்க.” கீழே இருந்து இன்னும் உரத்துச் சொன்னாள், எல்லோருக்கும் கேட்க: “கவனம் மச்சான்! விழுந்தீங்க எண்டா, விழுந்தாராம் எண்டு நான் சொல்லமாட்டன். விழுந்தார் எண்டுதான் சொல்லுவன்!”

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏணியில் நின்று நானும் சிரித்தேன். நாலு திருகாணியையும் கழற்றி, மூன்று மொழியில் எழுதிய என் பெயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்கால் வலியைக் காட்டாமல், ஒவ்வொரு படியாக நேரே இறங்கி வந்தேன். அதையும் அவள் கண்டாள்.